பிஸ்கோத்து என்றால் அவ்வளவு கேவலமா?

இந்த வருஷம் சாரல் குறையில்லாமல் இருக்கிறது. ஆனி பிறந்ததிலிருந்து தென்காசியில் காலை பத்து மணிக்கும் வெயில் கிடையாது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. சீசன் வந்தால் அருவியில் தண்ணீர் வரும், எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். இந்த முறை வந்தவர்கள் என் மகனின் மாமனாரும் மாமியாரும்.

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் தங்கும் விடுதி ஒன்றின் காபிக் கடைக்குள் நுழைந்தோம். அங்கே கண்ணாடிக் குடுவையில் நீளநீளமாக வெட்டிய துண்டுகள் இருந்தன. "பிஸ்காட்டி" என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்று துண்டு 210 ரூபாய். சம்பந்தி வாங்கிக்கொடுத்தார். அம்மாள் கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்றார். சம்பந்தி என்னிடம் திரும்பி, "எப்படி இருக்கு சம்பந்தி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சம்பந்தி. நம்ம ரஸ்க்குக்குச் சொந்தக்காரன்தானே" என்றேன்.

அவ்வளவுதான். மேஜையில் ஒரு அமைதி. மகன் என் காலை மெதுவாக மிதித்தான். அன்று காலையில் அதே சம்பந்திக்கு டீயோடு நான் ரஸ்க் வைத்திருந்தேன். "வேண்டாம், காய்ச்சல் வந்தவன் மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்திருந்தார். இப்போது நான் அதைக் குத்திக்காட்டுவதாக நினைத்துவிட்டார்கள். ராத்திரி மகன் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், "உங்களுக்குத் தெரியாத விஷயத்துல ஏன்ப்பா பேசுறீங்க?" என்றான்.

இந்தப் பதிவு அதற்கான பதில். எனக்குத் தெரியாத விஷயங்கள் ஏராளம். ஆனால் இது தெரிந்த விஷயம்.

முதலில் சொல்லிலிருந்து வருகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசாங்க வேலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு அந்தப் பிரெஞ்சு எனக்குப் பத்து பைசாவுக்கும் உதவியதில்லை. இன்றைக்குத்தான் உதவப்போகிறது. பிரெஞ்சில் "பிஸ்" என்றால் இரண்டாம் முறை. பாட்டுக் கச்சேரியில் இன்னொரு தடவை பாடச் சொல்லி "பிஸ், பிஸ்" என்று கத்துவார்கள். "குயி" என்றால் வெந்தது. பிஸ்குயி என்றால் இருமுறை வெந்தது. இத்தாலிய மொழியில் அதுவே பிஸ்கோத்தோ. ஒன்றுக்கு மேல் இருந்தால் பிஸ்கோத்தி. காபிக் கடையில் 210 ரூபாய்க்கு விற்ற "பிஸ்காட்டி" அந்தப் பன்மைதான்.

பிரெஞ்சில் பிஸ்கொத் என்று இன்னொரு சொல் உண்டு. இத்தாலியப் பிஸ்கோத்தோவை அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்கு என்ன பொருள் தெரியுமா? ரஸ்க்! ரொட்டியைத் துண்டு போட்டு மறுபடி சூட்டில் காயவைத்தது. பிரான்ஸில் காலையில் வெண்ணெயும் ஜாமும் தடவித் தின்பார்கள். ஜெர்மானியர் அதே மாதிரிப் பண்டத்துக்கு ட்ஸ்வீபாக் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் இருமுறை சுட்டது என்றுதான் பொருள். ஆக, ரஸ்க்குக்கும் பிஸ்காட்டிக்கும் சொந்தம் இருக்கிறது என்று நான் சொன்னது கிண்டல் இல்லை. ஐரோப்பாவில் அகராதியே அப்படித்தான் சொல்கிறது.

இனி நம் ஊர்ச் சொல். பிஸ்கோத்து. இதைச் சொல்பவரைப் படிக்காதவர் என்று நினைக்கிறோம். ஒரு ஆள் உபயோகமில்லை என்றால் "அவன் ஒரு பிஸ்கோத்து" என்கிறோம். பிஸ்கட் என்று சரியாகச் சொல்லத் தெரியாத வாய் திரித்த வார்த்தை என்பது நம் எண்ணம். ஆங்கில பிஸ்கிட்டிலிருந்து பிஸ்கட் வரும். "கோத்து" எங்கிருந்து வரும்? போர்த்துகீசிய மொழியில் இது பிஸ்கோய்து. முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர் 1530களில் காலூன்றி, 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை இருந்தார்கள். ஜன்னல், அலமாரி, மேசை, சாவி எல்லாம் அவர்கள் வழியாக நமக்கு வந்த சொற்கள். பிஸ்கோத்தும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது என்பதுதான் பொருந்துகிறது. பிஸ்கட் என்று நாகரிகமாகச் சொல்பவரைவிட, பிஸ்கோத்து என்று சொல்லும் கிராமத்து ஆச்சியின் வாய் இத்தாலிக்கு நெருக்கமாக இருக்கிறது.

இதில் என் சொந்தக் குற்றம் ஒன்று உண்டு. மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிவிட்டு வந்தால் அம்மா தகர டப்பாவைத் திறந்து, "தம்பி, பிஸ்கோத்து சாப்பிடுறியா?" என்று கேட்பாள். ஒருநாள் கூடப் படிக்கும் பையன்கள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அம்மா அதையே கேட்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "பிஸ்கோத்து இல்லம்மா, பிஸ்குயி. தெரியலைன்னா பேசாம இரு" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என் முன்னால் அந்தச் சொல்லை அவள் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. "அது வேணுமா?" என்று டப்பாவைக் காட்டிக் கேட்பாள்.

அறுபது வருஷம் கழித்து என் மகன் அதையே என்னிடம் சொன்னபோது, பட்டது சரிதான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். என் அம்மா சரியாகத்தான் சொன்னாள். பிரெஞ்சு படித்த நான்தான் தப்பு. அவள் இன்று இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

சரி, பண்டத்துக்கு வருவோம். இத்தாலியில் தோஸ்கானா பகுதியில் ப்ராதோ என்ற ஊர். நூற்பும் நெசவுமாகப் பிழைத்த ஊர். அங்கே அந்தோனியோ மத்தேய் என்பவர் 1858இல் திறந்த கடை இன்றும் நடக்கிறது. ப்ராதோ பிஸ்கோத்தி புகழ் பெற்றது அந்தக் கடையால். அதில் என்ன இருக்கிறது? மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம். வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது. பல்லை உடைக்கும் கடினம். அதனால் அங்கே அதை வின் சாந்தோ என்ற இனிப்பு மதுவில் தோய்த்துத் தின்பார்கள். நாம் டீயில் தோய்க்கிறோம். தோய்த்துத் தின்பதை நாகரிகக் குறைவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இருமுறை சுடுவது ஆடம்பரத்துக்காக வந்ததில்லை. கெட்டுப்போகாமல் இருக்க வந்தது. மாதக்கணக்கில் கடலில் போகும் மாலுமிகளுக்குக் கொடுத்தது இருமுறை சுட்ட கல் மாதிரி ரொட்டி. முதல் சூட்டில் மாவு வேகும். ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். வெட்டி, வெட்டிய பக்கம் தெரிய அடுக்கி, குறைந்த சூட்டில் மறுபடி வைத்தால் அந்த ஈரம் போய்விடும். ஈரம் போனால் மொறுமொறுப்பு வரும், பூஞ்சை வராது. நம் ஊர் பேக்கரியில் ரஸ்க் போடுவதும் இந்த வித்தைதான். ரொட்டியைச் சுட்டு, ஆறவைத்து, துண்டு போட்டு, தணிந்த அடுப்பில் மறுபடி அடுக்குவார்கள். புதுச்சேரிப் பக்கம் பொறை என்போம், கொங்குப் பக்கம் வறுக்கி என்பார்கள். டீக்கடை பாட்டிலில் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவருக்குக் காலை ஆகாரம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஆகாரம். அதனாலேயே அது கேவலமாகிவிட்டது! ஏழை தின்றால் ரஸ்க். பணக்காரன் தின்றால் பிஸ்காட்டி. நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு 210 ரூபாய் பில்.

"இரண்டும் ஒன்றல்ல ஐயா" என்று யாராவது சொல்வார்கள். உண்மை. ரஸ்க் ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த ரொட்டியிலிருந்து வருகிறது. பிஸ்காட்டியில் ஈஸ்ட் இல்லை, முட்டையும் பருப்பும் அதிகம். ருசியில் பிஸ்காட்டி ஒரு படி மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நானும் இரண்டாவது துண்டை எடுத்தேன். என் சண்டை பிஸ்காட்டியோடு இல்லை. காலையில் ஒன்றைத் தள்ளிவிட்டுச் சாயங்காலம் அதன் பங்காளியைக் கண்மூடி ரசிக்கும் புத்தியோடுதான் சண்டை.

இந்தப் புத்திக்கு இன்னொரு சாட்சி தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அண்டிப்பருப்பு. மூன்றையும் நுரைக்க அடித்து, கூம்பு கூம்பாக வைத்து, மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்து எடுப்பது. வாயில் போட்டால் நொறுங்கிக் கரையும். இத்தாலியில் அமரெத்தி என்று வெள்ளைக்கரு, சர்க்கரை, பாதாம் சேர்த்துச் செய்கிறார்களே, அதே குடும்பம். பாதாமுக்குப் பதில் அண்டிப்பருப்பு. அந்த அண்டியும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். ஐரோப்பியப் பண்டத்தை வாங்கி, நம் பருப்பைப் போட்டு, நம் அடுப்பில் சுட்டு, நம்முடையதாக்கிக்கொண்ட ஊர் நமக்கு இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அங்கிருந்து மக்ரூன் வாங்கிவந்து வைத்தால், "ஓ, இதுவா" என்கிறார்கள். பாரிஸ் மக்ரோன் என்று கலர் கலராகப் பெட்டியில் வந்தால் போட்டோ எடுக்கிறார்கள்.

அடுத்த சண்டை, வீட்டில் செய்ய முடியாது என்பவர்களோடு. "சாரல் காலத்தில் குற்றாலத்துல மொறுமொறுப்பா எதுவும் நிக்காது, முறுக்கே நமுத்துப் போகுது" என்று எனக்குப் புத்தி சொன்னார் ஒருவர். இருமுறை சுடும் வித்தையே ஈரத்துக்கு எதிராக வந்தது. நடுக்கடலில் நின்றது நம் சாரலில் நிற்காதா? நிற்காமல் போவதற்குக் காரணம் ஊர் இல்லை, அவசரம். காணொளியில் சொல்லிக்கொடுப்பவர்களிலும் சிலர் இரண்டாவது சூட்டைச் சுருக்கிவிடுகிறார்கள். வெண்ணெயைக் கொட்டுகிறார்கள். வெண்ணெய் போட்டால் வாயில் உதிரும், கடக்கென்று உடையாது. அது நல்ல பண்டமாக இருக்கலாம். ஆனால் அதற்கு "இருமுறை வெந்தது" என்று பெயர் வைப்பது பொய்.

ஓய்வுபெற்ற பிறகு மகன் வாங்கிக்கொடுத்த ஓடிஜி அடுப்பு எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. விருந்தாளிகள் போன மறுநாளே இறங்கிவிட்டேன். "வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா, இது வேறயா?" என்றாள் என் மனைவி. முதல் தடவை கருகியது. இரண்டாம் தடவை வெட்டும்போது தூளானது. மூன்றாம் தடவை சரியாக வந்த கணக்கை இங்கே தருகிறேன்.

மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, அண்டிப்பருப்பு 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி. பாதாமும் போடலாம். விருப்பமிருந்தால் சோம்பு ஒரு தேக்கரண்டி. முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, மற்றதைச் சேர்த்துப் பிசைய வேண்டும். கையில் ஒட்டும். பயந்து மாவைக் கொட்டக்கூடாது. கையை நனைத்துக்கொண்டு இரண்டு நீள உருளையாக உருட்டித் தட்டில் வைக்க வேண்டும். 170 டிகிரி சூட்டில் 25 முதல் 30 நிமிஷம். மேலே லேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம்.

இங்கேதான் பொறுமை வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும், முழுக்க ஆறிவிட்டால் பருப்பு இருக்கும் இடத்தில் உடையும். ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தியால், விரல் கனத்துக்குச் சாய்வாக வெட்டி, படுக்கவைத்து, 150 டிகிரியில் ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், திருப்பிப்போட்டு அதே அளவு. சூட்டோடு தொட்டுப் பார்த்துவிட்டு "மெத்தென்று இருக்கிறதே" என்று மறுபடி வைத்துக் கருக்காதீர்கள். ஆறினால்தான் இறுகும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமுக்க வைத்துவிடும்.

ஓடிஜி இல்லாத வீட்டில் கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, பத்து நிமிஷம் மூடிச் சூடாக்கி, தட்டை உள்ளே இறக்கலாம். இரண்டாவது சூட்டைத் தோசைக்கல்லில் சிறுதீயில் காட்டலாம். நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இவ்வளவுக்குப் பிறகும் சாரல் காற்றில் நமுத்தால் பயமில்லை. 120 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்து ஆறவிட்டால் பழையபடி வந்துவிடும். மூன்றாம் முறை சுடக்கூடாது என்று எந்த இத்தாலியரும் அரசாணை போடவில்லை.

குமாஸ்தா புத்தி, கணக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருக் கடை விலைக்கு மைதா, சர்க்கரை, முட்டை மூன்றும் சேர்ந்து நாற்பது ரூபாய்க்குள் அடங்கியது. அண்டிப்பருப்பு நூறு ரூபாய். கரண்ட் செலவைத் தாராளமாகவே இருபது என்று போடுகிறேன். 160 ரூபாய்க்கு 32 துண்டு வந்தது. துண்டு ஐந்து ரூபாய். காபிக் கடையில் துண்டு எழுபது. கடைக்காரருக்கு வாடகை, சம்பளம், சீசன் மூன்று மாதத்தில் வருஷத்தைத் தள்ள வேண்டிய கட்டாயம், எல்லாம் உண்டு. அவர் விற்பதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்த எழுபது ரூபாயில் பண்டத்துக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று வாங்குபவர் யோசித்தால் போதும்.

ரஸ்க் போடும் சின்ன பேக்கரிக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இருமுறை சுடும் கை உங்களிடம் இருக்கிறது. தணிந்த அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தால் காயும், எப்போது கருகும் என்பது உங்களுக்குப் பழக்கம். அண்டிப்பருப்பு கொல்லத்திலிருந்து மலை தாண்டி வருகிறது. காபிக் கடையில் எழுபது ரூபாய்க்கு விற்பதைப் பத்து ரூபாய்க்கு நீங்கள் விற்கலாம். பெயர்தான் பிரச்சினை என்றால் பிஸ்கோத்து என்றே எழுதி வையுங்கள். இத்தாலிக்காரன் வந்தால் புரிந்துகொள்வான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா நிறையச் செய்து சென்னைக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு பக்கம் நான் செய்தது, இன்னொரு பக்கம் எங்கள் தெரு முனைக் கடை ரஸ்க். சண்டைக்காக இல்லை, சமாதானத்துக்காகத்தான். நேற்றுச் சம்பந்தி போன் செய்தார். "சம்பந்தி, ரெண்டும் தீர்ந்துபோச்சு" என்றார். எது முதலில் தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

டப்பாவின் மேல் ஒட்டிய தாளில் மனைவி "பிஸ்கட்" என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, என் அம்மா சொன்னபடி "பிஸ்கோத்து" என்று எழுதித்தான் அனுப்பினேன்.